அந்த ஆள் வந்தானா?

ரஃபாயேலா,
ஜூலை, செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் மரிசெலுக்கு அப்பா எழுதிக்கொண்டது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருக்கிறது என்றால், அந்த நகராட்சி ஆள் வந்து மணி அடித்து, நீ கதவைத் திறந்து, அவன் உன்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான் என்று அர்த்தம். அதற்கு முன்னால் கொடுக்கக் கூடாது என்று டெல்ஃபினாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். மருந்துக்கடை கைதோவின் மனைவி டெல்ஃபினாவை உனக்கு நன்றாகத் தெரியும். பேரக் குழந்தைகளைப் பார்க்க இத்தாலிக்கு, தூரினுக்கு வருகிறாள். அங்கிருந்து ரயில் ஏறி உன் ஊருக்கு வந்து நேரில் கொடுக்கிறேன் என்று சொன்னாள். அவளை உட்காரச் சொல். நீயும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து படி. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியாத ஊரில், வாடகை அறையில், தன்னந்தனியாக நின்று நீ இதைக் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். கட்டிப்பிடித்துக்கொள்ள நம் ஊர் மனுஷி ஒருத்தியாவது வேண்டும்.

அம்மா போய்விட்டாள், மகளே. எப்படிச் சுற்றி வளைத்து எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன். காலமெல்லாம் பஸ் ஓட்டியவனுக்கு நேர் ரோடுதான் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால், சனிக்கிழமை விடியும்போது, நம் ஊர் ஆஸ்பத்திரியில் போனாள். கணையத்தில் கட்டி. மறுநாளே அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்துவிட்டோம்.

அதற்கப்புறமும் அம்மா நம்பரிலிருந்து உனக்குச் செய்தி வந்துகொண்டிருந்ததே என்று கேட்பாய். அதெல்லாம் நான் அனுப்பியது. திட்டு, என்ன சாப்பிட்டாய் என்ற விசாரணை, ஜாக்கெட் போட்டுக்கொள் என்ற நச்சரிப்பு, எல்லாமே நான்தான். கோபப்படு, உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

ஏப்ரல் மாதத்திலிருந்து சொல்கிறேன். அம்மாவைப் பெற்ற உன் தாத்தா செகொந்தோ இத்தாலியிலிருந்து கப்பலில் இந்த ஊருக்கு வந்தவர். சாகிறவரை இந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிப் போடவே இல்லை. கேட்டால் 'நாளைக்குப் போறேன்' என்பார். கடைசிவரை இத்தாலிக்காரராகவே இருந்துவிட்ட அந்த மனுஷனுடைய சோம்பேறித்தனம்தான் உனக்கு வழியாக அமைந்தது. பூட்டன் பேரைச் சொல்லி இத்தாலிக் குடியுரிமை கேட்டவர்களுக்கெல்லாம் சட்டம் மாறிக் கதவைச் சாத்திவிட்டது, உனக்குத் தாத்தாவாகப் போனதால் தப்பித்தாய். நான் சாந்தியாகோ தெல் எஸ்தேரோ காட்டுக்காரன். என் ரத்தத்தைப் பிழிந்தாலும் பாஸ்போர்ட் வராது. அதனால் இந்த விஷயம் முழுக்க அம்மா பக்கத்துச் சொத்து. அவளும் அப்படித்தான் நடந்துகொண்டாள். உன்னை வழியனுப்பிவிட்டு வந்த அன்று, தானே இத்தாலிக்குப் போகிற மாதிரி தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டாள்.

நீ அங்கே வீடு எடுத்து, முகவரி கொடுத்து, நகராட்சியில் பதிந்தாய். நிஜமாகவே அங்கே குடியிருக்கிறாயா என்று பார்க்க ஓர் ஆள் வருவான், எந்த நாள் எந்த நேரம் என்று சொல்ல மாட்டார்கள், வரும்போது நீ வீட்டில் இருக்க வேண்டும் என்று நீதான் சொன்னாய். அவன் வந்தது மதியம் ஒன்றரை மணிக்கு. நம் ஊரில் அந்த நேரத்தில் நாய்கூடத் தெருவில் நடக்காது. மணி அடித்ததும் நீ விளக்கை அணைத்து, திரைக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நின்றாய். 'பகல்ல தூங்கற நேரத்துல மணி அடிக்கிறவன் ஒண்ணு திருடன், இல்லேன்னா பைபிள் விக்கிறவன். தொறக்காத' என்று நீ பாவாடை கட்டின காலத்திலிருந்து அம்மா சொல்லிக் கொடுத்த பாடம். அவன் மூன்று தடவை அடித்துவிட்டுப் போனான். வீட்டில் ஆள் இல்லை என்று எழுதினான். உன் விண்ணப்பத்தை மூடிவிட்டார்கள்.

நீ போனில் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். மறுபடி பதிந்திருக்கிறேன், இன்னொரு தடவை வருவான், இந்தத் தடவை தவறவிட்டால் இங்கே தங்க முடியாது, அவ்வளவுதான் என்றாய். அம்மாவும் உன்னோடு சேர்ந்து சிரித்தாள். போனை வைத்த பிறகு சமையலறையில் போய் நின்றுகொண்டு அழுதாள். 'பெத்தவ பொண்ணுக்குக் கதவத் தொறக்கச் சொல்லித் தருவா. நான் மூடத்தானே சொல்லிக் குடுத்தேன்' என்றாள். இங்கே எல்லாரும் அப்படித்தான் வளர்க்கிறோம், திருட்டு நடக்கிற ஊரில் வேறு எப்படி வளர்ப்பது என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஆள்தான் நினைப்பு. உன்னை வெளியே போகாதே என்று பிடுங்கி எடுத்தாள். ரொட்டி வாங்கக்கூட வீட்டுக்காரி பியெராவை அனுப்பச் சொன்னாள்.

மே மாதக் கடைசியில் முதுகுவலி என்றாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளை அங்கி தைத்துத் தைத்துக் குனிந்தே கிடக்கிறாள், அதனால்தான் என்று நினைத்தோம். பிறகு கண் மஞ்சளாயிற்று. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் பேசாமல் அவளிடமே பேசினார். அவள் பையை மூடிக்கொண்டு வெளியே வந்து என்னிடம் சொன்ன முதல் வார்த்தை உன்னைப் பற்றித்தான். 'இனிமே வீடியோல பேச முடியாது. அவ நர்ஸு. என் கண்ணப் பாத்தா கண்டுபிடிச்சிருவா' என்றாள். அன்று சாயங்காலமே உனக்குப் போன் போட்டு, செல்போன் துணி அலசுகிற தொட்டியில் விழுந்துவிட்டது, கேமரா போய்விட்டது, உன் அப்பன் ஒன்று வாங்கித் தர மாட்டேன் என்கிறான் என்று புளுகினாள். நீ அதை நம்பி என்னைத் திட்டினாய். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சொன்ன பொய்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் அந்த மாதம் முழுக்கப் பொய்யாக அடித்துத் தள்ளினாள், அதிலும் ரசித்து ரசித்துச் செய்தாள்.

சொல்லிவிடலாம் என்று நான் தினமும் சொன்னேன். நீ வேறு யாராவது என்றால் பரவாயில்லை. ஊரில் இருக்கிற அம்மாக்களுக்கெல்லாம் ஊசி போட்டு, முதுகு துடைத்துவிட்டு, கடைசி நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் நீ. உன் அம்மாவுக்கு மட்டும் நீ இல்லை என்றால் அது எந்த நியாயம்? அவள் பெரியக்கா எல்வீராவும் அதையேதான் சொன்னாள். உன் அம்மா நெலிதா எங்கள் இரண்டு பேரையும் பேச விடவில்லை. ஜூலை பிறந்ததும் படுக்கையில் விழுந்துவிட்டாள்.

டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு இன்னும் இரண்டு மூன்று நாள்தான் என்றார். போனைக் கையில் எடுத்தேன், சத்தியமாக எடுத்தேன். கட்டிலிலிருந்து அவள் பார்த்துவிட்டாள். பார்வை மட்டும் கடைசிவரை மங்கவே இல்லை. பக்கத்தில் கூப்பிட்டு, எனக்கு வைத்த செல்லப் பேரைச் சொல்லி, 'கறுப்பா, யாருக்குப் போன் போடற? அவளுக்குன்னா வேணாம். கேட்ட நிமிஷம் கெளம்பி வந்துருவா. அந்த நேரம் பாத்து அந்த ஆள் வந்து நிப்பான். ஒரு தடவ என் வாயால கெட்டுச்சு. ரெண்டாவது தடவ என் சாவால கெடணுமா?' என்றாள். நான் போனைச் சட்டைப்பையில் போட்டேன். அவளோடு வாதாடி நான் ஜெயித்ததாக உனக்கு ஞாபகம் உண்டா? எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு கண் விழிக்கிற போதெல்லாம் ஒரே கேள்விதான். 'அந்த ஆள் வந்தானா?' இல்லை, வருவான் என்பேன். கண்ணை மூடிக்கொள்வாள். ஊசி மருந்தில் மறுபடி மயங்கி, மறுபடி விழித்து, மறுபடி அதே கேள்வி. தண்ணீர் வேண்டுமா என்றால் தலையை ஆட்டிவிட்டு, 'அந்த ஆள் வந்தானா?' வியாழக்கிழமை மத்தியானம் அவள் அப்படிக் கேட்டபோது என்னால் பொறுக்க முடியவில்லை. வந்துட்டான் என்று சொல்லிவிட்டேன்.

'நெசமாவா? தொறந்தாளா?' என்றாள். மணி அடிச்ச உடனே தொறந்தாளாம் என்றேன். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, மகளே. அந்தச் சிரிப்பை எழுதிக் காட்ட எனக்குப் படிப்புப் போதாது. சொட்டு மருந்து மாற்ற வந்த நர்ஸிடம், 'எம்பொண்ணு கதவத் தொறந்துட்டா' என்று சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியாமல், நல்லது அம்மா என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் ஏதோ பெரிய புண்ணியம் பண்ணிவிட்ட நினைப்பில் கீழே போய் ஒரு காபி குடித்தேன்.

திரும்பி வந்தபோது தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லி உட்கார்ந்திருந்தாள். உதட்டுச் சாயம் எங்கே என்று கேட்டாள். அப்புறம் சாதாரணமாக, கடைக்குப் போய் வா என்று சொல்கிற மாதிரி சொன்னாள். 'அதான் ஆள் வந்துட்டான்ல. இனிமே அவளுக்கு அங்க என்ன வேல? வரச் சொல்லு கறுப்பா. பாத்துட்டுப் போறேன்.'

இதை எழுதத்தான் இத்தனை நாள் கை வரவில்லை. அவள் மனசு குளிரட்டும் என்று நான் சொன்ன பொய், அவள் அடக்கி வைத்திருந்த ஆசையை அவிழ்த்துவிட்டுவிட்டது. அதுவரை உன்னைப் பார்க்க வேண்டும் என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வேண்டாம் வேண்டாம் என்றவள் ஒரு நொடியில் வரச் சொல் என்கிறாள். நான் என்ன செய்வது? உன்னைக் கூப்பிட்டால் அந்த ஆளை நீ தவறவிடுவாய், நான் சொன்னது பொய்யாகிவிடும். கூப்பிட மாட்டேன் என்று அவளிடம் சொன்னால் அப்போதே பொய் வெளியே வந்துவிடும். டிக்கெட் போட்டாச்சு, கெளம்பிட்டா என்றேன்.

அதற்குப் பிறகு அந்த ஆளைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. 'ப்ளேன் ஏறிட்டாளா? இப்ப எங்க இருப்பா?' இதுதான். நான் பஸ் டிரைவர் ஆயிற்றே, ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் உன்னைப் புவெனோஸ் அயர்ஸில் இறக்கினேன். மத்தியானம் பஸ் ஏற்றினேன். ரொசாரியோ தாண்டிட்டா என்றேன். சாந்தா ஃபே வந்துட்டா, வண்டியில் கூட்டம், ஜன்னல் சீட்டு கிடைச்சிருக்கு என்றேன். அவள் கூந்தலைச் சரி செய்துகொண்டாள். சாந்தா ஃபேயிலிருந்து நம் ஊருக்கு எவ்வளவு தூரம் என்று எனக்குச் சொல்ல வேண்டாம், அந்த ரோட்டில்தான் என் ஆயுசு கழிந்தது. வழியில் எஸ்பெரான்சாவை விட்டால் அப்புறம் உன்னை எங்கேயும் நிறுத்தி வைக்க முடியாது. அதனால் எஸ்பெரான்சாவில் பஸ் பழுதாகி நிற்கிறது என்றேன். அவள் என்னை முறைத்து, 'ஒங்க கம்பெனி வண்டிங்க என்னிக்கு ஒழுங்கா ஓடிச்சு' என்று திட்டினாள். அதுதான் அவள் எனக்குக் கொடுத்த கடைசித் திட்டு.

அப்புறம் பேசவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டால் புருவம் உயரும். விடிகிறபோது மூச்சு நின்றது.

வியாழக்கிழமை நான் அவளிடம் சொன்னதை நிஜமாகவே செய்திருந்தால், உனக்குப் போன் போட்டிருந்தால், நீ வந்து சேர்ந்திருப்பாய். நான் வாயால் ஓட்டிய அதே பஸ்ஸில் வந்திருப்பாய். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். சில மணி நேரம் முன்னால் பின்னால் ஆகியிருக்கலாம், அவ்வளவுதான். இதை மறைத்துவிட்டு உனக்குக் கடிதம் எழுதலாம் என்றுகூட நினைத்தேன். மனசு கேட்கவில்லை.

அடக்கத்தைப் பற்றி நீ கேட்பாய். நம் தெரு முழுக்க வந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்துக்கொண்டு, ஃபேஸ்புக்கில் போடாதீர்கள், மரிசெலுக்குத் தெரியாது என்று கெஞ்சினேன். செத்தவீட்டு வாசலில் நின்று ஆறுதல் வாங்கிக்கொள்ள வேண்டியவன், வருகிறவர்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டு நின்றேன். சலூன்காரி மெழுகுவத்திப் படம் ஒன்று போட்டுவிட்டாள். எல்வீரா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய் அதை அழிக்க வைத்தாள். நீ அதைப் பார்த்திருப்பாயோ என்று அன்று முழுக்க அம்மாவின் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஜெபமெல்லாம் எல்வீரா வீட்டில்தான் நடந்தது. பூமாலைகளையும் அங்கேதான் வைத்தோம். நீ திடீரென்று என் போனில் வீடியோவில் வந்துவிட்டால் வீடு எப்போதும் போல இருக்க வேண்டுமே. ஒரு தடவை வந்தாய். தையல் மெஷினில் வெள்ளை அங்கி ஒன்று கை வைக்காமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு, அம்மா இன்னுமா இதை முடிக்கவில்லை என்றாய். பாங்க் வரிசையில் நிற்கிறாள், வந்து முடிப்பாள் என்றேன்.

அவள் பேரில் செய்தி அனுப்புவது பஸ் ஓட்டுவதைவிடக் கஷ்டமான வேலை. தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியவில்லை, எழுத்திலேயே பேசலாம் என்று ஆரம்பித்தேன். முதல் இரண்டு நாள், சாப்பிட்டாயா செல்லமே, உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணே என்று எழுதினேன். நீ உடனே, 'அம்மா, என்ன ஆச்சு ஒனக்கு? திடீர்னு இவ்ளோ நல்லவளா மாறிட்ட? காய்ச்சலா?' என்று கேட்டாய். போனைத் தூக்கிக்கொண்டு எல்வீராவிடம் போனேன். அவள் என் மேல் கொதித்துப் போயிருந்தாள். 'அந்தப் புள்ள அழ வேண்டிய அழுகைய ஒளிச்சு வெக்க நீ யாரு?' என்று கத்தினாள். கத்தி முடித்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, உட்கார்ந்து எனக்குத் திட்டு சொல்லிக் கொடுத்தாள். 'எழுது. கழுத, அந்த முடிய எப்ப வெட்டப் போற, வைக்கோப் போரு மாதிரி இருக்கு. எழுதிட்டியா? அந்தப் பியெராகிட்ட மாவு பெசையக் கத்துக்க, ஒன் கையில செஞ்சத நாய் திங்காது. ஒல்லின்னு போடு, மரிசெல்னு போடாத. நெலிதா என்னிக்கு அவளப் பேரு சொல்லிக் கூப்பிட்டா?' அவள் அழுதுகொண்டே திட்டச் சொல்ல, நான் அழுதுகொண்டே எழுதினேன். அனுப்பினதும் உன்னிடமிருந்து பதில் வந்தது. 'அப்பாடா, இப்பதான் என் அம்மா.'

ஒரு நாள் எல்வீராவைக் கேட்காமல் நானாகவே, குளிருகிறது, கம்பளிச் சட்டையைக் கழற்றாதே என்று எழுதிவிட்டேன். இங்கே இப்போது குளிர்காலம், புல்லெல்லாம் உறைபனி பிடித்துக் கிடக்கிறது. நீ, இங்கே வெயிலில் மண்டை வெடிக்கிறது, எத்தனை தடவை சொன்னாலும் உனக்கு ஏறாதா அம்மா என்று சிரித்தாய். அவளும் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் தப்புச் செய்வாள். அன்றைக்கு மட்டும் நான் அவளாகவே ஆகிவிட்ட மாதிரி கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்காதே.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன். டெல்ஃபினா வியாழக்கிழமை கிளம்புகிறாள்.

புதன்கிழமை

இன்று காலை குடிக்க மாத்தே டீ போடுவதற்குத் தண்ணீர் வைத்தபோது அம்மாவின் போன் ஒலித்தது. நீ குரலில் பேசி அனுப்பிய செய்தி. 'அம்மா, வந்துட்டான்! தொறந்தேன்! மத்தியானம் மணி அடிச்சான், மாடியிலேர்ந்து வெறுங்காலோட ஓடினேன். குட்டையா ஒரு கிழவன். தொப்பியக் கழட்டிட்டு உள்ள வந்தான். கட்டிலப் பாத்தான், பல் தேய்க்கிற பிரஷ்ஷப் பாத்தான், கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டான். ரெண்டு நிமிஷங்கூட இல்லம்மா. இதுக்கா இந்தப் பாடு? இனிமே ஒன்னக் கூட்டிட்டு வந்துருவேன், ஒங்கப்பா ஊருதானே, ஒனக்கு எனக்கு முன்னாடி உரிமை இருக்கு. ஏன் பதில் போடல? தொண்டை சரியாயிட்டா கத்து, கேக்கறேன்.'

அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிப்போயிற்று. உன் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். உனக்கு நல்லது நடந்திருக்கிறது. அவள் கேட்டது நடந்துவிட்டது, நான் அவளிடம் சொன்னது இரண்டு வாரம் கழித்தாவது உண்மையாகிவிட்டது. அப்படித்தான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. இரண்டு வாரம் கழித்து! நீ அன்றைக்குக் கிளம்பி வந்து, அம்மா மடியில் தலையை வைத்து அழுது, அவளை அடக்கம் பண்ணி, திரும்பிப் போய் அந்த அறையில் உட்கார்ந்திருந்தாலும், அந்தக் கிழவன் அதற்கு அப்புறம்தான் வந்திருக்கிறான். ஒன்றும் கெட்டுப் போயிருக்காது, மகளே. நீயும் அவளைப் பார்த்திருப்பாய், அவளும் உன்னைப் பார்த்திருப்பாள், நீ கதவையும் திறந்திருப்பாய்.

இது யாருக்குத் தெரியும் என்று எல்வீரா சொல்கிறாள். மரிசெல் ப்ளேன் ஏறின மறுநாளே அவன் வந்திருந்தால் நீ என்ன செய்வாய், அப்போது வேறு மாதிரி அழுவாய் என்கிறாள். இத்தனை நாள் என் மேல் காறித் துப்பாத குறையாக இருந்தவள், இன்று எனக்குச் சூப் வைத்துக் கொண்டுவந்தாள். அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். எனக்கு அது உள்ளே இறங்கவில்லை.

அம்மாவின் போனில் உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எல்வீராவிடம் திட்டு கேட்கவும் போகவில்லை. என்ன எழுதினாலும் அது அவள் உன்னை வாழ்த்துகிற வாழ்த்தாக இருக்கும். மற்றதையெல்லாம் அவள் பேரில் எழுதினேன், இந்தச் சந்தோஷத்தை அவள் பேரில் எழுத எனக்கு உரிமை இல்லை. அதனால்தான் உனக்குப் பதில் வரவில்லை. டெல்ஃபினா வந்து சேருகிற வரைக்கும் நீ போனைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பாய். அந்த நாட்களுக்காகவும் மன்னித்துவிடு.

நீ வருவதைப் பற்றி. வா என்றும் எழுத மாட்டேன், வராதே என்றும் எழுத மாட்டேன். உன் காகிதங்கள் முடிய இன்னும் சில மாதம் ஆகும் என்றாய், ஆஸ்பத்திரி வேலைக்கும் எழுதிப் போட வேண்டும். அங்கே யாரைக் கேட்க வேண்டுமோ கேட்டு, எது உனக்கு நல்லதோ அதைச் செய். எனக்காக எந்த முடிவும் எடுக்காதே. எனக்கு வழி தேடிக் காகிதம் எதுவும் சேர்க்காதே. அவள் வழியாகத்தான் எனக்கும் அந்த நாட்டோடு ஒட்டுறவு. இப்போது நான் இந்த மண்ணுக்காரன்தான், இங்கேயே இருக்கிறேன். சாப்பாடு எல்வீரா தருகிறாள். முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இரண்டு வாரத்தில் நான் சரியாக அழவில்லை. கல் நெஞ்சுக்காரன் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள் போல. காலையில் எழுந்ததும் இன்றைக்கு அவள் உன்னிடம் என்ன சொல்லுவாள் என்று யோசிக்க வேண்டும். மத்தியானம் நீ பதில் போடுவாய். சாயங்காலம் நீ சொன்னதற்கு அவள் எப்படிச் சிரிப்பாள் என்று யோசிக்க வேண்டும். அவள் செத்துப்போன வீடு மாதிரி எனக்கே இல்லை. இந்தக் கடிதத்தை ஒட்டிக் கொடுத்துவிட்டால் அந்த வேலையும் போய்விடும். நீ இதைப் படிக்கிற நேரத்தில்தான் அவள் எனக்கும் சாகிறாள்.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். நீ நல்லா இரு. உனக்குக் கிடைத்த அந்த வாழ்வு உனக்கு நிலைக்கட்டும், அதில் ஒரு நாளைக்கூட எங்களை நினைத்துப் பாழாக்காதே. படித்து முடித்ததும் முதலில் டெல்ஃபினாவைக் கட்டிக்கொண்டு அழு. அப்புறம் எனக்குப் போன் போடு. திட்டுவதென்றால் திட்டு, பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாமலே இரு, நானும் பேசாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். என் நம்பரை நீ எப்போதாவதுதான் கூப்பிட்டிருப்பாய், உனக்கு மனப்பாடம் இருக்காது, டெல்ஃபினாவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த நம்பருக்கே கூப்பிடு, கண்ணே. அம்மா நம்பருக்குக் கூப்பிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
அன்செல்மோ லெதெஸ்மா